வாளிக் கணக்கு

6 மீற்றர் ஆழக் கிணற்றில் 10 லீற்றர் வாளி போட்டு 40 தரம் தண்ணீர் அள்ளுகிறோம் என்று வைப்போம். தூக்குவதற்கு மட்டும் உடம்பு செலவழிப்பது ஏறத்தாழ 25 கிலோகலோரி. ஒன்றரைத் தேக்கரண்டி சீனியில் இருக்கிற சக்திதான். அப்படியென்றால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியதால் உடம்புக்கு என்ன குறைந்துவிட்டது?

விடை தசைக்குள் இருக்கிறது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக வழக்கமாக இன்சுலின் வேண்டும். ஆனால் கயிறு இழுக்கையில், குடத்தை இடுப்பில் வைத்து நடக்கையில், தசை சுருங்கி விரிகிறது. அப்போது குளுக்கோசை உள்ளே எடுக்கும் புரதங்கள் இன்சுலினுக்குக் காத்திராமலே தசைக்கலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு கிணற்றடிக்குப் போனவரின் இரத்தச் சீனி, சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவருடையது அளவுக்கு ஏறாதது இதனால்தான்.

இப்படிப் 'பயிற்சி' என்ற பெயரே இல்லாத அசைவுகளால் செலவாகும் சக்தி, ஒரே உடல்வாகுள்ள இருவருக்கிடையில் நாளுக்கு 2000 கிலோகலோரி வரை வேறுபடலாம் என்கிறார் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் இதை ஆராய்ந்த ஜேம்ஸ் லெவைன். செய்யும் தொழில்தான் இதில் பெரும் பங்கு. லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் படியேறி இறங்கி ரிக்கெற் கொடுத்த நடத்துநர்களைவிட, இருந்தபடி ஓட்டிய சாரதிகளுக்கே இருதய நோய் கூட என்று பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் ஜெரி மொரிஸ் 1953இலேயே காட்டிவிட்டார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அந்தக் கஷ்டம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2009இல் போர் முடிந்தபின் மின்சாரம் வந்தது, காபட் வீதி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, நெல் அருவி வெட்ட மெசின் வந்தது. ஒவ்வொன்றும் தேவையானதே. ஒவ்வொன்றும் கொஞ்சம் அசைவையும் கொண்டுபோனது.

வாழ்க்கை மாறும் இடங்களிலும் இதுவே நடக்கிறது. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாய், கணவன் இல்லாமற்போனபின் வீட்டு முன்னால் பெட்டிக்கடை போடுகிறார். கையை நீட்டினால் பருப்பு, மற்றப் பக்கம் தராசு, காலடியில் காசுப்பெட்டி. விடிய ஆறு மணிக்கு இருந்தால் இரவுதான் எழும்புவார். சில வருடத்தில் சீனி வருத்தம் வருகிறது. 'அசையாமல் இருந்தால் இப்படித்தான்' என்கிறது ஊர். எனக்கு இந்தப் பேச்சில் கோபமே வரும். அவரை அந்தக் கதிரையில் இருத்தியது சோம்பலா?

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓகஸ்ட் மாதத்துச் சோளகத்தில், அந்த வறண்ட தென்மேற்குக் காற்றில், நடக்கும்போது இருதயம் தசைக்கும் இரத்தம் அனுப்பவேண்டும், உடற்சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்பவேண்டும். அதே தூரம் அதிகமாகக் களைக்கும். நிழல்மரம் நின்றால் சந்திவரை நடப்பவர், மரம் தறித்த வீதியில் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்.

முன்பு உலக சுகாதார நிறுவனம், தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது அசைந்தால்தான் கணக்கு என்றது. 2020 வழிகாட்டலில் அந்த நிபந்தனை இல்லை. கடைக்கார அம்மா அரிசி மூட்டையை உள் அறையில் வைத்து, ஒவ்வொரு தரமும் எழும்பிப் போய் அளந்து கொடுத்தால் அதுவும் சேரும்.

போரில் கால் இழந்தவருக்கு இந்தக் கணக்கு வேறு. செயற்கைக் காலோடு அதே வேகத்தில் நடக்கக் கூடுதல் ஒட்சிசன் வேண்டும். கிரவல் ஒழுங்கையின் மேடு பள்ளத்தில் இன்னும் கூட. மற்றவர்களின் நடையைக் குறைத்த காபட் வீதி, ஓரத்தில் சமதரையும் நிழலும் இருந்தால், அவரை வீட்டைவிட்டு வெளியே நடக்கவைக்கும்.