கழற்றிய கழுகின் நிழல்

சுவரில் பல வருஷமாக மாட்டியிருந்த சாமி படத்தைக் கழற்றினால், அந்த இடம் மட்டும் இப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி பளிச்சென்று இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ராணுவக் கம்பளிச் சட்டை ஒன்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், வலது மார்பில் அதேபோல ஒன்று தெரிவதுண்டு. சிறகு விரித்த கழுகு, காலடியில் ஒரு வட்டம். சின்னம் இல்லை, நூலும் இல்லை. சுற்றியுள்ள துணியைவிடப் பச்சை தூக்கலான ஒரு திட்டு, அதன் ஓரம் நெடுக ஊசித்துளைகள்.

வட்டத்துக்குள் இருக்கும் ஸ்வஸ்திகாவைக் காலில் பிடித்த அந்தக் கழுகு 1934இல் ராணுவச் சீருடையில் ஏறியது. 1945இல் தோற்று ஊர் திரும்பியவனுக்கு மாற்றுத்துணி கிடையாது. சின்னத்தோடு நடமாட நேச நாடுகள் விடவில்லை. பிளேடால் தையலைப் பிரித்துச் சின்னத்தைக் கழற்றினார்கள். சிலர் சட்டையையே கருநீலத்திலோ பழுப்பிலோ சாயம் முக்கி மாட்டிக்கொண்டார்கள். அடையாளத்தை மறைக்கவே சின்னத்தைப் பிய்த்தவர்களும் உண்டு. நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ். படையினர் பலருக்கு இடது கைக்கு அடியில் ரத்த வகையைப் பச்சை குத்தியிருந்தார்கள். அதை எந்த பிளேடால் பிரிப்பது?

பிற்பாடு கதை தலைகீழானது. பழம்பொருள் சந்தையில் விலை துணிக்கு இல்லை, சின்னத்துக்குத்தான். சாதாரணக் காலாட்படைச் சட்டையில் எஸ்.எஸ். காலர் பட்டையைத் தைத்துவிட்டால் விலை எங்கோ போய்விடும். அதனால் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகத்தாரும் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் இருக்கும் துணியைப் பார்க்கிறார்கள்.

அந்தத் துணி பேசுவதற்குக் காரணம் அதன் சாயம். 'ஃபெல்ட்கிராவ்' என்ற அந்தப் பச்சை கலந்த சாம்பல் ஒரே நிறமில்லை. வெவ்வேறு நிறத்தில் சாயமேற்றிய கம்பளி இழைகளைக் கலந்து நூற்றுத்தான் அதை நெய்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சை, நீலம், வெள்ளை எல்லாம் தனித்தனி மயிராகக் கிடக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறில் நிறத்தைத் தரும் பகுதியை உடைக்கும். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. ஆகவே துணி வெறுமனே வெளுக்காமல் நிறமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சின்னத்துக்கு அடியில் இருந்த பகுதி வெயில் படாமல் பழைய கலவையை அப்படியே வைத்திருக்கும். அங்கே கம்பளி மயிரும் தேயாமல் மெத்தென்று இருக்கும்.

இந்த நிழலைக் கள்ளத்தனமாக உண்டாக்குவது லேசில்லை. ஊசித்துளையை மறைப்பது அதைவிடச் சுலபம். கம்பளி மயிரின் மேல் செதில் செதிலாக இருக்கும். ஆவி காட்டித் தேய்த்தால் இழைகள் வீங்கி ஒன்றோடொன்று சிக்கித் துளை கண்ணை மூடிக்கொள்ளும். துளை இல்லை என்பதால் அங்கே தையலே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது.

தையலில் கேட்க வேண்டிய கேள்வி, எது முதலில் நடந்தது என்பதுதான். நூல் உள்பக்க லைனிங்கையும் துளைத்து வந்திருந்தால், லைனிங் போட்ட பிறகு தைத்தது. இதனாலேயே போலி என்றாகாது. படைப்பிரிவு டெய்லரோ வீட்டம்மாவோ கைத்தையல் போட்டிருக்கலாம். எனக்குப் பிடித்த சாட்சி அந்துப்பூச்சி. துணியில் பூச்சி அரித்த ஓட்டை, அதைத் தொடாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போகும் ஜிக்ஜாக் தையல் என்றால், ஓட்டைக்குப் பிறகு தைத்தது என்று சந்தேகப்படலாம். ஆனால் ஓட்டையின் மேல் முழுசாக இருக்கும் சின்னத்தைப் பார்த்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. அந்தின் புழுவுக்குக் கம்பளியின் கெரட்டின்தான் சாப்பாடு, செயற்கைப் பட்டான ரேயானில் நெய்த சின்னம் அதற்கு வேண்டாம். சின்னத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் துணியை மட்டும் தின்றிருக்கலாம்.

அப்புறம் புற ஊதா விளக்கு. இருட்டறையில் காட்டினால் நூல் நீலமாக ஜொலிக்கிறதா? போலி! பலரும் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். நூலையும் துணியையும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளியூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். நம் வீட்டுச் சொட்டு நீலம் மஞ்சளை மறைக்கும், இது கூடுதல் வெளிச்சமே போடும். இது போருக்குப் பிந்தைய சரக்கு என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் சாற்றில் இந்த வித்தை இருப்பதை பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர் 1929லேயே காட்டிவிட்டார். 1940 வாக்கில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனம் இதைத் தொழிலாகவே தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு, அசல் சட்டையை யாராவது இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை அலசியிருந்தால் முழுச் சட்டையும் ஜொலிக்கும். சட்டை மங்கலாக இருக்க, சின்னத்தைப் பிடித்திருக்கும் நூல் மட்டும் ஜொலித்தால், அப்போது சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இழையைக் கொளுத்திப் பார்ப்பது இன்னொரு வழி. கம்பளி முடி கருகிய வாடை தரும், ரேயான் காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பாலியஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, கடைக்கு வந்தது போருக்குப் பின்புதான். அந்த நூல் ஜெர்மன் சின்னத்தில் இருந்தால் தைத்தது பிற்பாடு, சந்தேகமில்லை.

சின்னம் மாறிய சட்டை எல்லாம் மோசடி என்றும் நினைக்க வேண்டாம். போர் நடக்கும்போதே மாறிக்கொண்டுதான் இருந்தது. பதவி உயர்ந்தால் காலரைச் சுற்றிப் பட்டை ஏறும். உளவாளிக்குத் தெரியாமலிருக்கத் தோளில் இருந்த படை எண்ணை மறைத்தார்கள். 1938இல் ஆஸ்திரியாவை இணைத்ததும் அந்நாட்டு வீரர்களின் பழைய சீருடையிலேயே ஜெர்மன் கழுகைத் தைத்தார்கள். ராணுவத்துக்கு மார்பில் இருந்த கழுகு எஸ்.எஸ்.ஸுக்கு இடது கையில். ராணுவச் சட்டைகளே எஸ்.எஸ். ஆட்களுக்குப் போனதும் உண்டு. அதனால் மார்பில் நிழலும் கையில் கழுகும் உள்ள சட்டை 1944இல் மாறியதா, அதற்கு ரொம்பப் பிறகு மாறியதா என்பதுதான் விஷயம்.

நம்மவர்கள் சம்பந்தப்பட்ட சட்டையும் இந்தச் சிக்கலில் இருக்கிறது. சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு அமைத்த படை ஜெர்மன் சீருடையையே உடுத்தியது. கையில் மட்டும் காவி, வெள்ளை, பச்சை மேல் பாயும் புலி, தலைப்பில் 'ஃப்ரைஸ் இந்தியன்', அதாவது 'சுதந்திர இந்தியா'. 1944 ஆகஸ்டில் அந்தப் படை எஸ்.எஸ். கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டது. அரிதான சின்னம், பெரிய பெயர், போலிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படி ஒன்று கைக்கு வந்தால் புலியை ரசிப்பதைத் தள்ளிவைத்து, அந்தக் கேடய வடிவச் சின்னத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கி உள்ளே பார்க்கலாம். வெளியே வெளுத்த அளவுக்கு உள்ளேயும் வெளுத்திருந்தால், அந்தச் சட்டை வெயிலில் திரிந்த காலத்தில் புலி அங்கே இல்லை.