ஒரு லெட்டர்ல மாட்டின குதிரை லாடம்

1960ல அமெரிக்கக் கணித ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் ஸ்மேலுக்கு வயசு 29. மனைவி, ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட ரியோ டி ஜெனிரோ போயிருந்தார், அங்க இம்பாங்கற கணித ஆய்வு நிறுவனத்துல ஆறு மாசம் வேலை. காலையில நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு பீச்சுக்குப் போயிடுவார், அங்கயே உக்காந்து யோசிப்பார்.

கொஞ்ச நாள் முன்னாடிதான் அவர் ஒரு கணிப்பை எழுதி வெளியிட்டிருந்தார். காலத்தோட மாறிக்கிட்டே இருக்குற எதையும் நீண்ட நேரம் அதுபோக்குல விட்டா, ஒண்ணு ஓரிடத்துல அடங்கிடும், இல்லன்னா எண்ணி முடிக்கக்கூடிய சில சுத்துப்பாதையில ஒண்ணுல போய் சேர்ந்துடும், அப்படி அடங்காதது ஏதாவது இருந்தா அதை லேசா தட்டிவிட்டாலே சரியாயிடும்னு. அமெரிக்காவோட எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துல இருந்த கணித ஆராய்ச்சியாளர் நார்மன் லெவின்சன் இதைப் படிச்சிட்டு லெட்டர் போட்டார்: இது தப்பு, இங்கிலாந்துக் கணித ஆராய்ச்சியாளர்கள் மேரி கார்ட்ரைட்டும் லிட்டில்வுட்டும் ரேடியோ சர்க்யூட் சமன்பாட்டுல அடங்காத ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்துட்டாங்க, தட்டிவிட்டாலும் அது போகாதுன்னு. ஸ்மேல் அந்த லெட்டரை ஓரமா வைக்கல. சமன்பாட்டை ராப்பகலா நோண்டி, கடைசியில அதை ஒரு படமா மாத்திட்டார். எனக்கு அவரோட மொத்த வேலையிலயும் ரொம்பப் பிடிச்சது இதுதான்.

படம் என்னன்னா, தட்டு மேல சதுரமா சப்பாத்தி மாவு வச்சிருக்கீங்க. அதை மூணு மடங்கு நீளத்துக்கு இழுங்க, அகலம் ஒடுங்கிடும். இப்போ அதை லாடம் மாதிரி வளைச்சு, ரெண்டு காலும் பழைய சதுரம் இருந்த இடத்துலயே விழுற மாதிரி வைங்க, வளைவு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அவ்ளோதான், இதையே திரும்பத் திரும்ப செய்யணும். மாவுல ரெண்டு மஞ்சத்தூள் துகள் 0.001 மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க, ஒவ்வொரு இழுப்புக்கும் மூணு மடங்கு விலகும், ஒம்பதாவது இழுப்புல 19,683 மடங்கு, கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். ஒட்டிக்கிட்டு இருந்தது ஒண்ணு இந்தக் கால்ல, இன்னொண்ணு அந்தக் கால்ல போய் நிக்கும்.

இடது காலுக்கு பூ, வலது காலுக்கு தலைன்னு பேர் வைங்க. சதுரத்தை விட்டு எப்பவுமே வெளிய போகாத புள்ளிகள் இருக்கு, அதுல ஒண்ணைப் பிடிச்சு ஒவ்வொரு சுத்துலயும் எந்தக் கால்ல இருக்குன்னு எழுதிக்கிட்டே போனா பூ, தலை, தலை, பூன்னு ஒரு வரிசை வரும். ஆச்சரியம் இதுலதான்: நீங்க காசை சுண்டி என்ன வரிசை எழுதினாலும் சரி, அச்சு அசலா அதே மாதிரி நடக்குற ஒரு புள்ளி உள்ள இருக்கும். மாவுல சீட்டுக் குலுக்கல் எதுவும் கிடையாது, எல்லாம் கறாரான விதிப்படிதான் நடக்குது, ஆனா பார்க்க காசு சுண்டின மாதிரி இருக்கும். பத்து சுத்துல பழைய இடத்துக்கே வந்து சேர்ற புள்ளிகள் மட்டுமே 1024, சுத்தை கூட்டக் கூட்ட அதுவும் கூடும், எண்ணி முடியாது.

கொஞ்சம் கூட இழுத்தாலும் கொஞ்சம் கோணலா வளைச்சாலும் லாடம் லாடமாவே இருக்கும். அதாவது தட்டிவிட்டா சரியாகுற விஷயமே இல்ல, ஸ்மேலோட கணிப்பு அங்கயே உடைஞ்சு போச்சு.

அதே ரியோ நாட்கள்லதான் டோபாலஜியில, அதாவது கிழிக்காம ஒட்டாம இழுத்து வளைச்சாலும் மாறாத வடிவக் குணங்களைப் பத்தின கணிதத்துல, பிரெஞ்சுக் கணித ஆராய்ச்சியாளர் பாய்ன்காரே பேர்ல இருக்குற கணிப்பை (சில குணங்கள் பந்து மாதிரியே இருந்தா அந்த வடிவம் பந்தேதான்ங்கறது) 5 பரிமாணமும் அதுக்கு மேலயும் உள்ள வடிவங்களுக்கு நிரூபிக்கிற வழியையும் பிடிச்சார். தரையில ரெண்டு கயிறு குறுக்க கிடந்தா ஒண்ணைத் தூக்கிப் பிரிக்கலாம் இல்லையா, பரிமாணம் கூடுனா அப்படித் தூக்க இடம் நிறைய கிடைக்கும், அதான் 3, 4 பரிமாணத்தை விட அது முன்னாடியே முடிஞ்சது. 1966ல மாஸ்கோவுல ஸ்மேலுக்கு கணிதத்தோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் கொடுத்தாங்க. அங்க வியட்நாம் போரைக் கண்டிச்சுப் பேசினதும் ஊர்ல அவரோட ஆராய்ச்சிப் பணத்துக்கே பிரச்சினை வந்துச்சு, தன்னோட பேர்பெற்ற வேலையெல்லாம் ரியோ பீச்சுல நடந்ததுன்னு அவர் எழுதினதையும் பிடிச்சுக்கிட்டாங்க. கணக்கு போடுறவர் எங்க உக்காந்து யோசிச்சா என்னன்னு எனக்கு இன்னிக்கும் கோவம் வருது.

லாடத்துக்கே வர்றேன். சூரியன், பூமி, நிலா மாதிரி மூணு பொருள் ஒண்ணை ஒண்ணு இழுக்குற கணக்குல, ஒரு புள்ளியை விட்டு விலகுற கோடும் அதே புள்ளிக்குத் திரும்புற கோடும் ஒரு தடவை வெட்டிக்கிட்டா முடிவே இல்லாம வெட்டிக்கிட்டே போகும்னு 19ஆம் நூற்றாண்டுலயே பாய்ன்காரே கண்டுபிடிச்சிருந்தார், அந்தச் சிக்கலை வரைய முயற்சியே பண்ணப் போறதில்லன்னு எழுதி வச்சுட்டார். அந்தக் கோடுங்க உண்மையிலேயே குறுக்க வெட்டிக்கிற இடம் ஒண்ணு இருந்தாலே போதும், அந்தச் சிக்கலுக்குள்ள ஒரு லாடம் கண்டிப்பா இருக்கும்னு ஸ்மேல் நிரூபிச்சார்.