தகட்டில் தெரிவது அறிக்கையில் ஏன் தெரிவதில்லை?

மூலப்பொருள் ஆய்வறிக்கைகளைப் படிப்பது என் வேலையில் பாதி. அவற்றில் என்னை எரிச்சலூட்டும் வரி ஒன்று அடிக்கடி வரும்: "டி.எல்.சி. சோதனை: பொருந்துகிறது." டி.எல்.சி. என்பது மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை: சிலிக்கா பூசிய தகட்டில் மாதிரியை வைத்து, கரைப்பானை மேலேற விட்டு, கலவையைப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை. எதனோடு பொருந்துகிறது? எந்தக் கரைப்பானில் ஓட்டினார்கள், எந்த ஒளியில் பார்த்தார்கள், தகட்டில் வேறென்ன இருந்தது? ஒரு விவரமும் இருக்காது. அதே அறிக்கையில், கலவையைக் குழாய் வழியே திரவத்தோடு செலுத்திப் பிரித்து அளக்கும் கருவியான எச்.பி.எல்.சி.யின் வரைபடங்கள் மட்டும் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டிருக்கும். கருவி பெரிதாக இருந்தால் விடையும் நம்பகமாக இருக்கும் என்ற எண்ணம் நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை என்றால், கல்லூரிச் செய்முறை வகுப்பில் பச்சையத்தைப் பிரித்துப் பார்த்ததோடு சரி என்று நினைப்பவர்கள் ஆய்வகத் தலைவர்களிலேயே இருக்கிறார்கள்.

அந்த நினைப்பு எங்கே காலை வாரிவிடும் என்பதற்கு ஜிங்கோ இலைச் சாறு நல்ல உதாரணம். நினைவாற்றலுக்கென்று உலகெங்கும் விற்கப்படும் இந்தச் சாறு, 24 சதவீதம் அளவுக்கு ஃபிளவனால் கிளைகோசைடுகள் (சர்க்கரை ஒட்டிய தாவரச் சேர்மங்கள்) இருக்கும்படி தரப்படுத்தப்படுவது வழக்கம். அளக்கும் முறை இதுதான்: சாற்றை அமிலத்தோடு சூடாக்கி, மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதிகளைக் கழற்றிவிடுவார்கள். மிஞ்சும் குவர்செட்டின், கேம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் மூன்றையும் எச்.பி.எல்.சி.யில் அளந்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள். கலப்படக்காரர்கள் இந்த முறையை நம்மைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். ரூட்டின் என்ற, அதே குடும்பத்துச் சேர்மம் மலிவாகக் கிடைக்கும் பொருள்; அதை அமிலத்தோடு சூடாக்கினாலும் கிடைப்பது குவர்செட்டின்தான். மட்டமான சாற்றில் ரூட்டினைக் கலந்துவிட்டால் எண் 24-ஐத் தொட்டுவிடும். எண் சரி, அறிக்கை சரி, சரக்கு மட்டும் மோசம்.

அதே சாற்றை அமிலத்தில் கொதிக்கவைக்காமல் அப்படியே தகட்டில் ஓட்டிப் பாருங்கள். எத்தில் அசிட்டேட், அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், நீர் ஆகியவை 100:11:11:26 என்ற விகிதத்தில் கலந்த கரைப்பான் இதற்குப் போதும். ஓடி முடிந்த தகட்டைச் சூடாக்கி, ஃபிளவனாய்டுகளை ஒளிரச் செய்யும் வினைபொருளில் நனைத்து, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வைத்தால், நல்ல சாறு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பல பட்டைகளாக விரியும். ரூட்டின் கலந்த சாற்றில் ஒரே ஒரு மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பட்டை மற்றவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு தடித்து நிற்கும். குவர்செட்டினையே நேரடியாகக் கொட்டியிருந்தால், சர்க்கரை இல்லாத அந்த மூலக்கூறு, கரைப்பான் ஏறி நின்ற எல்லையான முகப்பை ஒட்டி மேலே போய் உட்கார்ந்திருக்கும். நல்ல சாற்றில் அந்த இடத்தில் அத்தனை கனமான பட்டைக்கு வேலையே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அரிசியை உலையிலிட்ட பானைக்குத்தான் பொருந்தும். திட்டமிட்டுக் கலந்த சரக்கில் ஒற்றை அடையாளச் சேர்மத்தை அளந்து திருப்திப்படுவது, கலந்தவருக்கு வழிவிடும் வேலை.

தகட்டுக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? பிரிகைக் குழாயில் ஒட்டிக்கொண்டு வெளியே வராத பொருளை எச்.பி.எல்.சி. காட்டாது. வெளியே வந்தாலும், புற ஊதாவை உறிஞ்சாத பொருளைப் புற ஊதா உணரி கண்டுகொள்ளாது. தகட்டில் அப்படி இல்லை. நகராதது தொடக்கக் கோட்டில் கிடக்கும், மிக வேகமாக ஓடியது முகப்பில் நிற்கும், மீதி நடுவில். ஆவியாகிப் போகும் பொருள்களைத் தவிர, வைத்ததெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. ஒரே தகட்டை முதலில் 254 நானோமீட்டரிலும், பிறகு 366-லும், கடைசியில் வினைபொருள் தெளித்து வெள்ளொளியிலும் பார்க்கலாம். அமினோ அமிலங்களுக்கு நின்ஹைட்ரின், ஆல்கலாய்டுகளுக்கு டிராகன்டார்ஃப், டெர்பீன்களுக்கும் ஸ்டீராய்டுகளுக்கும் அனிசால்டிஹைடு–கந்தக அமிலம் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகக் கேள்வி கேட்கலாம். தேடிப் போகாத பொருளையும் இதில்தான் முதலில் பார்க்கிறோம்.

இதன் தொடக்கம் எளிமையானது. 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாய்லோவும் ஷ்ரைபரும் கண்ணாடித் துண்டில் பூசிய மெல்லிய படலத்தின் மேல் தாவரச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஏகோன் ஷ்டால் சிலிக்காவின் தரத்தையும் படலத்தின் தடிமனையும் ஒழுங்குபடுத்திய பிறகே முறை உலகம் முழுக்கப் பரவியது. இன்று எச்.பி.டி.எல்.சி. என்று சொல்லப்படும் உயர்திறன் முறை அந்த ஒழுங்கின் அடுத்த கட்டம். சாதாரணத் தகட்டில் சிலிக்காத் துகள் சராசரியாக 10 முதல் 12 மைக்ரான். உயர்திறன் தகட்டில் 5 முதல் 6. துகள் சிறியதாகவும் சீராகவும் இருப்பதால் பட்டைகள் பரவாமல் கூர்மையாக நிற்கின்றன; 10, 15 சென்டிமீட்டர் ஓட வேண்டியது ஆறு சென்டிமீட்டரிலேயே பிரிந்துவிடுகிறது. 20-க்கு 10 சென்டிமீட்டர் தகட்டில் பதினைந்து மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரட்டைத் தொட்டியின் ஒவ்வொரு பள்ளத்திலும் சுமார் 10 மில்லிலிட்டர் கரைப்பான் ஊற்றினால் வேலை முடிந்தது. எச்.பி.எல்.சி.யில் ஒரே ஓட்டத்துக்கே இவ்வளவு கரைப்பான் போய்விடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலை உயர்ந்த தகடு வாங்கிவிட்டால் உயர்திறன் வந்துவிடாது. தந்துகிக் குழாயால் கையில் புள்ளி வைத்து, மூடியை அடிக்கடி திறந்து பார்த்து ஓட்டினால், அது விலை கூடிய பழைய டி.எல்.சி. மட்டுமே. மருந்துகளின் தர விதிகளைத் தொகுக்கும் அமெரிக்க மருந்துநூலிலும் ஐரோப்பிய மருந்துநூலிலும் மூலிகைப் பொருள்களுக்கான எச்.பி.டி.எல்.சி. நடைமுறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: மாதிரியை 8 மில்லிமீட்டர் அகலப் பட்டையாகத் தெளித்து வைக்க வேண்டும், பட்டை கீழ் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், கரைப்பான் 70 மில்லிமீட்டர் வரை ஏற வேண்டும், வடிதாள் வைத்த தொட்டியை 20 நிமிடம் ஆவியால் நிறைக்க வேண்டும். படிக்கும்போது சில்லறை விஷயங்களாகத் தோன்றும். ஆர்.எஃப். மதிப்பு (கரைப்பான் ஓடிய தூரத்தில் பட்டை ஓடியது எத்தனை பங்கு என்ற எண்) ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஆய்வகங்களில் பெரும்பாலும் இந்தச் சில்லறைதான் குறைகிறது.

காரணம் காற்று. சிலிக்கா ஈரத்துக்குப் பேராசை பிடித்த பொருள். அடுப்பில் 120 பாகையில் காயவைத்த தகட்டை வெளியே எடுத்து மாதிரி வைத்து முடிப்பதற்குள் அறைக் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். மழை நாளில் ஓட்டிய தகடும் வறண்ட நாளில் ஓட்டிய தகடும் ஒரே சிலிக்காவாக இருந்தாலும் ஒரே பரப்பல்ல. நீர் ஏறிய இடங்களில் மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்தும் வலிமை குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஓட்டுவதற்கு முன், மக்னீசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலுக்கு மேலுள்ள காற்றில் தகட்டை வைத்து, ஈரப்பதத்தை 33 சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். ஓர் உப்புக் கரைசல். சிக்கலான மின்னணுக் கட்டுப்பாட்டைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். தொட்டியின் ஆவியும் இப்படித்தான். ஆவி நிறையாத தொட்டியில், ஏறும் கரைப்பான் தகட்டின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட இன்னும் கரைப்பான் மேலேறும். பட்டைகள் உயரத் தள்ளப்படும். ஓரத்திலுள்ளவை நடுவிலுள்ளவற்றை முந்தி, வரிசையே வில்லாக வளையும். அந்த வளைந்த வரிசையில் அளவுகோல் வைத்து 0.45 என்று எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது?

முறை சரியாக இருந்தால் தகடு உயிரைக் காக்கும் என்று சொல்வது மிகையல்ல. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மூலிகை மாத்திரை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற செடியின் வேருக்குப் பதிலாக, பெயர் ஒற்றுமையால், அரிஸ்டொலோக்கியா ஃபாங்சி வேர் உள்ளே வந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டொலோக்கிக் அமிலம்தான் கொலையாளி. பொடியாக அரைத்தபின் இரண்டு வேர்களையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். தகட்டிலோ, வெள்ளீயக் குளோரைடு கரைசலைத் தெளித்துச் சூடாக்கினால், அந்த அமிலத்தின் நைட்ரோ தொகுதி ஒடுக்கப்பட்டு, 366 நானோமீட்டரில் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும் அரிஸ்டொலாக்டம் உருவாகிறது. மூலிகைக் கிடங்குக்குள் வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் செய்யக்கூடிய சோதனை இது.

மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் டி.எல்.சி. அன்றாட வேலை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எலும்பு ஸ்கேனுக்குத் தயாரிக்கும் டெக்னீசியம்-99எம் மருந்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். முடிவுக்காக நாள்கணக்கில் காத்திருக்க வழியில்லை. சிலிக்கா ஏற்றிய கண்ணாடி இழைக் கீற்று ஒன்றில் ஒரு சொட்டு வைத்து அசிட்டோனில் ஓட்டினால், மருந்தோடு இணையாமல் தங்கிய பெர்டெக்னெட்டேட் முகப்புக்குப் போய்விடும். இன்னொரு கீற்றை உப்புநீரில் ஓட்டினால், ஒடுங்கிக் கூழ்மமாகிப்போன பகுதி தொடக்கக் கோட்டிலேயே நிற்கும். கீற்றுகளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கதிரியக்கத்தையும் எண்ணிக் கழித்தால் மிஞ்சுவது நல்ல மருந்தின் பங்கு. சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஊசி போட்டால், எலும்பைப் பார்க்க எடுத்த படத்தில் தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரியும். நோயாளி வீணாகக் கதிர்வீச்சை வாங்கியிருப்பார்.

மின்சாரம் நிச்சயமில்லாத இடங்களில் போலி மருந்தைப் பிடிக்க, ஒரு பெட்டிக்குள் அடங்கும் மினிலேப் என்ற தொகுப்பும் டி.எல்.சி.யைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரைச் சாற்றை 100 சதவீத, 80 சதவீத ஒப்பீட்டுப் புள்ளிகளுக்கு நடுவே வைத்துக் கண்ணால் ஒப்பிடுவார்கள். மருந்தே இல்லாத மாத்திரை, வேறு மருந்து நிரப்பிய மாத்திரை, பாதி மருந்து மாத்திரை மூன்றும் இதில் மாட்டிக்கொள்ளும். 93 சதவீதமா 97 சதவீதமா என்று கேட்டால் பதில் சொல்லாது. அதற்காக அதை ஏளனம் செய்வதும் சரியல்ல.

எனக்கு மிகவும் பிடித்த புது வரவு, தகட்டையும் உயிரியல் சோதனையையும் இணைத்தது. கடலில் வாழும் அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியம் தானாகவே ஒளிரும். மாதிரி பிரிந்து நிற்கும் தகட்டை அந்தப் பாக்டீரியக் கரைசலில் முக்கி எடுத்து இருட்டில் வைத்தால் தகடு முழுவதும் நீலப் பச்சையாக ஒளிரும். நச்சுப் பொருள் இருக்கும் பட்டைகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். என்ன பொருள் என்று தெரியாமலேயே, எந்தப் பட்டை கெடுதல் செய்கிறது என்று முதலில் தெரிந்துவிடுகிறது. அந்தக் கறுப்புப் பட்டை இருக்கும் இடத்தை இணைத் தகட்டில் குறித்து, பொருளை உருவியெடுக்கும் கருவியின் சிறிய தலையை அதன்மேல் அழுத்தி, கரைப்பானால் கழுவி, மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானிக்கு நேராக அனுப்பிவிடலாம். கழிவுநீரிலும் உணவுப் பொட்டலத்திலிருந்து கசியும் பொருள்களிலும் பெயர் தெரியாத நச்சுகளைத் தேடுவோருக்கு இந்த வழி பெரிய வரம்.

குறைகளும் உண்டு. ஒரு தகட்டில் தெளிவாகப் பிரியக்கூடிய பட்டைகள் ஒன்றிரண்டு டஜனைத் தாண்டுவது அரிது. நெருங்கிய இரட்டைகளைப் பிரிக்க எச்.பி.எல்.சி.க்கே போக வேண்டும். சில சேர்மங்கள் சிலிக்காவின் மேலேயே சிதைந்து, மாதிரியில் இல்லாத பட்டைகளைப் படைத்துவிடும். சந்தேகம் வந்தால் சதுரத் தகடு ஒன்றில் மூலையில் புள்ளி வைத்து ஓட்டி, காயவைத்து, 90 பாகை திருப்பி அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். சிதையாத பொருள்கள் மூலைவிட்டத்தில் வரிசையாக நிற்கும். கோட்டை விட்டு விலகியது ஓட்டத்தின்போது பிறந்தது.

அறிக்கையைக் கையில் வாங்குபவர் கேட்க வேண்டியது சிக்கலானதல்ல. தகட்டின் படம், அதுவும் வினைபொருளுக்கு முன்னும் பின்னும். அதே தகட்டில் அசல் தாவரத்தின் சாறும் ஓடியிருக்க வேண்டும். வாங்கிவைத்த ஒற்றைச் சேர்மம் மட்டும் போதாது. ஈரப்பதம், கரைப்பான் விகிதம், தகட்டின் தொகுதி எண். படம் எடுத்த ஒளியளவும் நேரமும் எல்லாத் தகடுகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்துப் பிரகாசத்தைக் கூட்டி அனுப்பும் படத்தில் மங்கலான பட்டை காணாமல் போவதும் இல்லாத பட்டை முளைப்பதும் ஒரு விரல் அசைவில் நடந்துவிடும். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு சொல்: தொட்டியில் மிஞ்சிய கரைப்பானை மறுநாளுக்கு மூடி வைக்காதீர்கள், எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டதால் விகிதம் அப்போதே மாறியிருக்கும். வினைபொருள் தெளித்த தகட்டின் நிறங்கள் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், படத்தை எப்போதும் ஒரே இடைவெளியில், சூடாக்கிய சில நிமிடங்களுக்குள் எடுத்து, நேரத்தையும் குறித்துவிடுங்கள்.