வியூஃபைண்டரில் தெரியும் தூசியைத் தயவுசெய்து துடைக்காதீர்கள்

மறுபடியும் ஒன்று சர்வீஸுக்கு வந்துவிட்டது. புதுசு மாறாத குட்டி டிஎஸ்எல்ஆர் கேமரா, அதாவது உள்ளே மிரர் வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய ரகம். லென்ஸைக் கழற்றினால் மிரர் முழுக்கக் கோடு கோடாகக் கீறல், அதற்கு மேலே ஃபோகஸிங் ஸ்கிரீனில் பட்ஸ் வைத்துத் தேய்த்த எண்ணெய்த் தடம். ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டால், எல்லாரும் சொல்லும் அதே பதில்: “கண்ணை வெச்சுப் பார்க்குற வியூஃபைண்டர்ல ஒரு கறுப்புப் புள்ளி தெரிஞ்சுது சார், படத்துல விழுந்துடுமேன்னு…”

விழாது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இருந்தாலும் இன்னொரு தடவை. லென்ஸ் வழியாக வரும் ஒளி மிரரில் பட்டு மேலே திரும்பி ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுகிறது, அந்தப் பிம்பத்தைத்தான் வியூஃபைண்டரில் பார்க்கிறீர்கள். ஷட்டர் பட்டனை அமுக்கியதும் மிரர் எழுந்து வழிவிடும், ஒளி நேராகப் பின்னாலிருக்கும், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குப் போய்விடும். ஸ்கிரீனில் கிடக்கும் தூசி அந்தப் பாதையிலேயே இல்லை, அப்புறம் எப்படிப் படத்தில் வரும்? மறுபக்கம், படத்தில் புள்ளி விழுகிறது என்றால் தூசி சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம். அது வியூஃபைண்டரில் தெரியவே தெரியாது. நம்பவில்லையா? புள்ளியைப் பார்த்தபடியே ஒரு படம் எடுத்து, பெரிதாக்கித் தேடுங்கள்.

சென்சாரில் தூசி உண்டா என்று பார்க்க அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/22-க்குக் கொண்டுபோய், அதாவது நன்றாகச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். துளை அகலமாக இருக்கும் எஃப்/4-இல் கண்ணில் படாத தூசியெல்லாம் இதில் வெளியே வந்துவிடும். படத்தின் மேல்பகுதியில் புள்ளி இருந்தால் சென்சாரில் கீழே தேட வேண்டும், பிம்பம் தலைகீழாக விழுவதால்.

மிரருக்கு வருவோம். வீட்டுக் கண்ணாடியில் ரசப்பூச்சு பின்பக்கம் இருக்கும், இதில் முன்பக்கமே பூச்சுதான். டிஷ்யூ பேப்பர்கூடக் கோடு போட்டுவிடும். போதாக்குறைக்கு, இந்த மிரரின் பின்னால் இன்னொரு சின்ன மிரர் தொங்குகிறது, கீழே இருக்கும் ஆட்டோஃபோகஸ் சென்சாருக்கு ஒளி அனுப்புவது அதுதான். அது இம்மி அசைந்தாலும் ஃபோகஸ் முன்னே பின்னே போய்விடும். பாவம், பழி லென்ஸ் மேல்தான் விழும்.

எடை குறைவாக, கைக்கு அடக்கமாக இருப்பதால் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்களோ என்னவோ. 2013-இல் வந்த கேனான் இஓஎஸ் 100டி பேட்டரியும் கார்டும் சேர்த்தே 407 கிராம்தான், ஆனால் உள்ளே மிரரும் ஷட்டரும் பெரிய கேமராவில் செய்யும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இந்த ரகத்தில் எடையைக் குறைக்க, பிம்பத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியான பென்டாபிரிஸத்துக்குப் பதில், அதே வேலையைச் செய்யும் மிரர்களால் ஆன பென்டாமிரர் வைக்கிறார்கள். அதனால் வியூஃபைண்டர் ஏற்கெனவே கொஞ்சம் மங்கல், அதில் எண்ணெய்த் தடம் வேறு எதற்கு?

சரி, என்ன செய்யலாம்? லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்துவிட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். மாட்டப்போகும் லென்ஸைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு கழற்றுங்கள், திறந்து போட்டுவிட்டுத் தேடாதீர்கள். தூசி கண்ணை உறுத்தினால் ரப்பர் ப்ளோயரால் இரண்டு தடவை ஊதுங்கள், அதோடு விடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேனில் அடைத்த காற்றும் வேண்டாம், அதிலிருந்து திரவம் பீச்சிக் கறை படிந்துவிடும். சென்சாரை ஊதுவதென்றால் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங் வழியாகவே மிரரைத் தூக்குங்கள். பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில் வைத்து ஊத வேண்டாம். விரல் நழுவினால் ஷட்டர் மூடும், ப்ளோயரின் மூக்கு உள்ளே இருந்தால் ஷட்டர் தகடு போச்சு.

ஏற்கெனவே துடைத்துவிட்டீர்களா? பரவாயில்லை, மேற்கொண்டு தேய்க்காமல் கொண்டுவந்து கொடுங்கள். எதை ஊற்றித் துடைத்தீர்கள், ஸ்பிரிட்டா, லென்ஸ் லிக்விடா, வெறும் தண்ணீரா என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதைப் பொறுத்துதான் நாங்கள் கை வைக்கும் விதமே மாறும். “தானா இப்படி ஆயிடுச்சு சார்” என்றால், முதலில் நாங்கள் துப்பறிய உட்கார வேண்டியிருக்கிறது.