இருபது விநாடிப் பால்

"சார், பன்னெண்டு குட்டி போட்டுச்சு. ஒரே தாய், ஒரே தீவனம். ரெண்டு மட்டும் ஏன் சவலையாவே நிக்குது?"

செங்கல்பட்டுப் பக்கம் வெண்பன்றி வளர்க்கும் வாசகர் ஒருவர் அனுப்பிய குரல்பதிவு இது. குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகிறது. திருஷ்டி என்று யாரோ சொல்ல, கொட்டில் வாசலில் பூசணிக்காயும் கட்டிவிட்டாராம். ஆனால் பாதி விடை அவர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தாய்ப்பால் போதாமல் நோஞ்சானாகிப் போன பிள்ளையைத்தானே சவலை என்கிறோம்?

மீதிப் பாதி கருப்பையில் இருக்கிறது. பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். இரண்டு கொம்புகளாக நீளும் கருப்பையில் கருக்கள் வரிசையாக நெருக்கிக்கொண்டு வளர்கின்றன. நஞ்சுக்கொடிக்குப் போதிய இடம் கிடைக்காத கருவுக்கு ஊட்டமும் குறையும். அதனால்தான் ஒரே ஈற்றில் ஒன்றரைக் கிலோ குட்டியும் முக்கால் கிலோ குட்டியும் பிறக்கின்றன. மிகவும் வாடிய குட்டியின் நெற்றி உடம்புக்குப் பொருந்தாமல் புடைத்திருக்கும். கிடைத்த கொஞ்ச ஊட்டத்தையும் உடல் முதலில் மூளைக்குக் கொடுத்ததன் அடையாளம் அது.

இழப்பு எடையோடு நிற்பதில்லை. கருவில் முதல்கட்டத் தசைநார்கள் தோன்றி, அவற்றைச் சுற்றி இரண்டாம்கட்ட நார்கள் கூட்டமாக உருவாகின்றன. ஊட்டம் குறைந்தால் இந்த இரண்டாம்கட்ட நார்கள் குறைந்துபோகும். சினையின் 90ஆம் நாள் வாக்கில் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. தறியில் பாவு பூட்டியாகிவிட்டது. அதற்குமேல் இழை சேர்க்க முடியாது. பிறந்த பிறகு இருக்கிற நார்கள் தடிக்கலாம், நீளலாம், அவ்வளவுதான்.

இனி கொட்டிலுக்கு வருவோம். பன்றியின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. அவை சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். குட்டியின் குடல் அவற்றை முழுசாக உறிஞ்சிக்கொள்வதும் முதல் ஒரு நாள் வரைதான். உடலைச் சூடேற்றும் பழுப்புக் கொழுப்பும் பன்றிக்குட்டிக்குக் கிடையாது. நடுங்கித்தான் சூடு காண வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த குட்டி காம்பைத் தேடிப் போகாது.

முதல் நாள் சீம்பால் ஏறக்குறைய எப்போது சப்பினாலும் கிடைக்கும். அதன் பிறகு நடப்பதை ஒருமுறை கொட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், இன்றுவரை மறக்கவில்லை. பசுவின் மடியில் போலப் பால் தேங்கி நிற்கும் இடம் பன்றிக்கு இல்லை என்றே சொல்லலாம். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும்போதுதான் பால் இறங்கும். தாய் ஒருக்களித்துப் படுத்து "உர்... உர்..." என்று மெதுவாக உறுமத் தொடங்கியது. குட்டிகள் ஓடிவந்து ஆளுக்கொரு காம்பைப் பிடித்து, மூக்கால் மடியை முட்டிப் பிசைந்தன. உறுமல் சட்டென்று வேகமெடுத்தது. ஹார்மோன் இறங்குவதன் ஒலி வடிவம் அது! சற்று நேரத்தில் எல்லாக் குட்டிகளும் ஒரே கணத்தில் அசையாமல் நின்று, காதைப் பின்னால் மடக்கி, வாயை மட்டும் படபடவென்று இயக்கின. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து, பதினாறு, பதினேழு... இருபது விநாடிக்குள் பால் நின்றுவிட்டது.

அந்த இருபது விநாடியில் காம்பு தேடி அலைந்த குட்டிக்கு அடுத்த வாய்ப்பு ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதனால் முதல் சில நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்கிறது. பிறக்கும்போதே இருக்கும் எட்டு ஊசிப்பற்களும் அந்தச் சண்டைக்கான ஆயுதங்கள். முன்வரிசைக் காம்புகளில் பொதுவாகப் பால் அதிகம். கனத்த குட்டிகளுக்கே அவை பெரும்பாலும் வாய்க்கும். நன்றாகப் பிசைந்து சப்பப்படும் சுரப்பி மேலும் வளரும், யாரும் சப்பாதது சில நாளில் வற்றும். பிறப்பில் இருந்த சில நூறு கிராம் வித்தியாசம் இப்படித்தான் மணிக்கு மணி பெரிதாகிறது.

அதனால்தான் எடையை மட்டும் கேட்டால் போதாது, கூடப் பிறந்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். 900 கிராம் குட்டி தன்னையொத்த குட்டிகளோடு இருந்தால் ஓரளவு தேறிவிடும். ஒன்றரைக் கிலோ அண்ணன்களுக்கு நடுவே திணறும். ஒரே சமயத்தில் ஈன்ற இரண்டு தாய்கள் இருந்தால், சொந்தத் தாயிடம் சீம்பால் குடிக்க வைத்தபின், ஓரிரு நாளுக்குள் சிறியவற்றை ஒரு தாயிடமும் பெரியவற்றை இன்னொன்றிடமும் பிரித்து விடலாம். தாமதித்தால் காம்பு உரிமை உறுதியாகிவிடும், சண்டைதான் மிஞ்சும். அதிகக் குட்டி போடும் பன்றிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்த டென்மார்க்கில் ஓர் ஈற்றில் பிறப்பவை காம்புகளின் எண்ணிக்கையையே மிஞ்சிவிடுகின்றன. அங்கே செவிலித்தாய்ப் பன்றி இல்லாமல் பண்ணை நடக்காது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள். 2012ஐ விட 12 சதவீதம் குறைவு. செங்கல்பட்டு மாவட்டக் காட்டுப்பாக்கத்திலும் அசாமின் குவாஹாத்தியிலும் பன்றி ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் நான்கைந்து தாய்ப்பன்றி வைத்திருக்கும் சிறு பண்ணையில், பிறந்த அன்றே குட்டியை எடைபோட்டுக் குறித்துவைக்கும் பழக்கத்துக்குப் பணமும் ஆளும் தர வேண்டும் என்பது என் கருத்து. பன்றி என்றாலே முகம் சுளிக்கும் நம் வழக்கம் நிதி ஒதுக்கீடு வரைக்கும் எட்டுவது எனக்கு வேதனை தருகிறது.

நண்பரே, அந்த இரண்டையும் மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியாகத் தீவனம் வையுங்கள். தொட்டியில் தள்ளுமுள்ளு இல்லாவிட்டால் இன்னும் வளரும். ஆனால் சந்தை எடைக்கு வரச் சில வாரம் கூடுதலாக ஆகும், கடைசியில் கொழுப்பும் சற்றுக் கூடுதலாக ஏறும். அடுத்த ஈற்றுக்குப் பூசணிக்காய் வேண்டாம். ஒரு தராசும், குட்டிகள் படுக்கும் மூலையில் ஒரு சூடேற்றும் பல்பும் வாங்கி வையுங்கள்.