ஒமக்கசே: உண்பவர் கையளிக்கும் பொறுப்பு

டோக்கியோவின் கின்சா போன்ற பகுதிகளில், காடி கலந்த சோற்றைப் பிடித்து மேலே மீனை வைத்துத் தரும் 'சுஷி'க்கென்றே, எட்டுப் பேரோ பத்துப் பேரோ மட்டும் அமரக்கூடிய சிறிய கடைகள் உண்டு. உள்ளே நுழைந்து மரப்பலகையின் முன் உட்கார்ந்தவருக்கு உணவுப் பட்டியல் எதுவும் தரப்படுவதில்லை. என்னென்ன வேண்டும் என்று பரிமாறுபவர் வந்து கேட்பதுமில்லை. உணவைச் செய்பவர் பலகைக்கு அந்தப்புறம் நின்று, ஒவ்வொரு துண்டாகப் பிடித்து, ஒவ்வொன்றாக முன்னால் வைக்கிறார். எந்த மீன், எந்த வரிசையில், எந்தப் பக்குவத்தில், எவ்வளவு என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். இம்முறைக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் சொல்தான் 'ஒமக்கசே'. ஆங்கிலத்தில் இதைப் பெரும்பாலும் 'சமையற்கலைஞரின் தெரிவு' என்ற பொருளில் விளக்குகிறார்கள். அவ்விளக்கத்தைத் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றக்கூடும். ஆனால் மூலச்சொல் சுட்டுவது சமையற்கலைஞரின் செயலை அன்று. உண்ண வந்தவரின் செயலை. தமிழில் இணைச்சொல் தேடுபவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். 'மக்கசெரு' என்பது ஜப்பானிய வினை. ஒன்றைப் பிறரிடம் ஒப்புவித்தல், பிறர் பொறுப்பில் விடுதல் என்பது அதன் பொருள். அவ்வினையின் பெயராகும் வடிவம் 'மக்கசே'. அதன் முன் வரும் 'ஒ' மரியாதை குறித்த முன்னொட்டு; 'சா' என்னும் தேநீரை 'ஒச்சா' என்று பணிவுடன் சொல்லும்போது முன்னே சேர்வதும் இதே ஒட்டுத்தான். உண்ண வந்தவர் 'ஒமக்கசே ஷிமாசு' என்று சொன்னால், தம்மைத் தாழ்த்திக்கொண்டு 'தங்கள் பொறுப்பில் விடுகிறேன்' என்கிறார். அதே சொல்லை எதிரில் நிற்பவர் 'ஒமக்கசே குதசாய்' என்று சொன்னால், 'என் பொறுப்பில் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உறுதி தருகிறார். ஒரே சொல்லை இருபுறத்தாரும் சொல்ல முடிகிறது என்பதையும், இருபுறத்தார் வாயிலும் விடுபவர் உண்பவராகவே இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இச்சொல்லை எழுதும் சீனவழி எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் இடப்பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பு நிற்கிறது. அதே எழுத்து, பொறுப்பு என்று பொருள்படும் 'செக்கினின்' என்ற சொல்லிலும், கடமை என்று பொருள்படும் 'நின்மு' என்ற சொல்லிலும், நம்பிக்கை வைத்தல் என்று பொருள்படும் 'ஷின்னின்' என்ற சொல்லிலும் வருகிறது. பொறுப்பு, கடமை, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஓர் எழுத்தைச் சுற்றி நிற்பதால், ஜப்பானியர் காதில் 'ஒமக்கசே' வெறும் விருப்பத்தெரிவாக ஒலிப்பதில்லை என்று கொள்ளலாம்.

இது உணவுக்கென்று பிறந்த சொல்லும் அன்று. பூக்கடையில் தொகையை மட்டும் சொல்லி, பூச்செண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடமே விடுவதற்கும், முடி திருத்துபவரிடம் வடிவத்தை விடுவதற்கும் இதே சொல் போதும். ஜப்பானிய வீடுகளில் உள்ள சலவை இயந்திரங்கள் பலவற்றில் 'ஒமக்கசே' என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் துணியின் அளவைப் பார்த்து நீரையும் நேரத்தையும் இயந்திரமே முடிவு செய்துகொள்ளும். 'நற்பேற்றை வானத்திடம் விடுதல்' என்ற மரபுத்தொடரில் வருவதும் இதே வினைதான். ஆகவே 'ஒமக்கசே' என்பது ஒரு பண்டத்தின் பெயரென்றோ ஒருவகைச் சமையலின் பெயரென்றோ எழுதுவது பிழை. அது உணவைக் கேட்கும் முறைகளுள் ஒன்றன் பெயர்.

மற்ற முறைகளின் பெயர்களை அறிந்தால் இதன் எல்லை தெரியும். சுஷிக் கடையில் உணவு கேட்பதற்கு வழக்கமாக மூன்று முறைகள் சொல்லப்படுகின்றன. இன்ன விலைக்கு இன்னின்ன துண்டுகள் என்று கடையே முன்கூட்டி வகுத்து வைத்திருப்பது 'ஒகிமரி'. 'முடிவாதல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. உண்பவர் தம் விருப்பப்படி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது 'ஒக்கொனொமி'. 'விரும்புதல்' என்ற வினையிலிருந்து வந்தது. விரும்பியதைச் சேர்த்துச் சுடும் அடைக்கு 'ஒக்கொனொமியாக்கி' என்று பெயர் வந்ததும் இவ்வழியே. மூன்றாவது 'ஒமக்கசே'. ஒக்கொனொமி முறையில் கேட்பவருக்கு மீன்களின் பெயரும் பருவமும் தெரிந்திருக்க வேண்டும். விலைக்கு நேரே 'அன்றைய விலை' என்று பொருள்படும் 'ஜிக்கா' என்ற சொல் மட்டுமே எழுதியிருக்கும் கடைகளில் துணிவும் வேண்டும். ஒப்புவித்துவிட்டால் அந்த அச்சமும் இல்லை, அறியாமையால் வரும் கூச்சமும் இல்லை.

எதை ஒப்புவிக்கிறோம் என்பதை அறிய ஒரே ஒரு துண்டைப் பார்த்தால் போதும். கொஹதா என்பது வெள்ளித்தோலில் கரும்புள்ளிகள் வரிசையாய் அமைந்த சிறு மீன். வளர வளர அதற்குப் பெயர் மாறும்: மிகச் சிறியது ஷின்கோ, அடுத்தது கொஹதா, பிறகு நக்கசுமி, முழு வளர்ச்சி பெற்றது கொனோஷிரோ. கோடையில் வரும் ஷின்கோ விரலளவே இருப்பதால், ஒரு துண்டு சுஷிக்கு இரண்டு மூன்று மீன்களைச் சேர்த்து வைப்பதும் உண்டு. மீனைப் பிளந்து, முள் நீக்கி, உப்புத் தூவி வைத்து, கழுவி, பிறகு காடியில் ஊற வைக்கிறார்கள். உப்பில் எவ்வளவு நேரம், காடியில் எவ்வளவு நேரம் என்பது அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பருவத்தையும் பொறுத்தது. நேரம் சற்று மிகுந்தால் சதை இறுகிப்போகும். குறைந்தால் மீன்வாடை மிஞ்சும். இதைப் பட்டியலில் எழுத இயலாது. உண்பவர் கேட்டுப் பெறவும் இயலாது. காலையில் மீனைத் தொட்டுப் பார்த்தவருக்கே தெரிந்த கணக்கு அது. அதனால்தான் அவர் பொறுப்பில் விடுதல் என்பது இங்கே உபசாரச் சொல்லாக இல்லாமல் உண்மையான செயலாக இருக்கிறது.

அவருக்கு ஜப்பானிய மொழியில் 'இத்தமாயே' என்று பெயர். 'பலகைக்கு முன்னால் இருப்பவர்' என்பது சொற்பொருள். வெட்டும் பலகையே அவருடைய இடம். சுஷிக்குரிய சோறு உடல் வெப்பத்தையொட்டிய இளஞ்சூட்டில் இருக்கும்போதே அவர் பிடித்து, காய்ச்சிய சோயாச் சாற்றைத் தூரிகையால் மேலே தடவி வைத்துவிடுவதால், மீண்டும் எதிலும் தோய்க்க வேண்டியதில்லை. வைத்த சில நொடிகளுக்குள் உண்டுவிடுவதே முறை. கையால் எடுத்து உண்பதும் முறைதான். மென்சுவை வெண்மீனில் தொடங்கி, சூரைமீனின் செந்நிறச் சதை, அதன் கொழுப்பு மிகுந்த அடிவயிற்றுச் சதை, காடியில் ஊறிய மீன், சிப்பி வகைகள், குழையவெந்த விலாங்கு என்று சென்று, முட்டை அடையில் முடிவது வழக்கமான போக்கு. ஆனால் உண்பவர் மெல்லும் வேகத்தையும் முகக்குறிப்பையும் பார்த்து, சோற்றின் அளவைக் குறைப்பதும் வரிசையை மாற்றுவதும் நல்ல இத்தமாயேயின் இயல்பு. சிறிய கடையாக இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே: பத்துப் பேரின் முகத்தை ஒருவர் பார்க்க முடியும், ஐம்பது பேரின் முகத்தைப் பார்க்க முடியாது.

இந்தக் கடைகளில் புழங்கும் வேறு சில சொற்களும் சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ள தமிழருக்கு இனிமையானவை. சோயாச் சாற்றுக்கு 'முரசாக்கி', அதாவது ஊதா. காரமான வசாபிக்கு 'நமிதா', அதாவது கண்ணீர். மேலே வைக்கும் மீனுக்கு 'நெத்தா'. விதை, மூலப்பொருள் என்று பொருள்படும் 'தனெ' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் 'நெத்தா' என்பது கிடைக்கும். தொழில் செய்வோர் தமக்குள் வழங்கும் இத்தகைய சொற்களை ஜப்பானியர் 'ஃபுச்சோ' என்கிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் எடுத்துக்காட்டுகளாக நம் இலக்கண உரைகளில் வருகின்றனவே, அந்தக் குழூஉக்குறிதான் இது. உண்ண வந்தவர் இச்சொற்களைத் தாமும் எடுத்துப் பேசுவது அங்கே நயமாகக் கருதப்படுவதில்லை. இவற்றுள் 'ஷாரி' என்பது சோற்றைக் குறிக்கும். புத்தரின் உடலெச்சத்தைக் குறிக்கும் வடசொல்லான 'சரீர' பௌத்தத்தோடு சீனத்தின் வழியாக ஜப்பான் சென்று 'ஷாரி' ஆனது. வெண்ணிறச் சோற்றுப் பருக்கை அந்த எச்சத் துணுக்குகளைப் போல் தோன்றியதால் அப்பெயர் சோற்றுக்கு வந்தது என்பார்கள். நாம் உடம்பைக் குறிக்கச் 'சரீரம்' என்று சொல்லும் சொல்லும், சுஷிக் கடையில் சோற்றைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகள்.

'சுஷி' என்ற சொல்லையும் ஒரு வரியில் திருத்திக்கொள்வது நல்லது: அது பச்சை மீனைக் குறிப்பதில்லை, 'புளிப்பானது' என்ற பழைய பொருளுடையது. மீனைச் சோற்றோடு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த பண்டமே முதலில் அப்பெயர் பெற்றது. பீவா ஏரிப் பகுதியின் 'ஃபுனசுஷி' இன்றும் அவ்வகையைச் சேர்ந்தது. காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து மேலே மீனை வைக்கும் வடிவம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'எதோ' என்ற பெயருடைய நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், பரவியது. ஹனயா யோஹெய் (1799-1858) என்பவரோடு அதைத் தொடர்புபடுத்திச் சொல்வது மரபு. அன்று அது தெருவோரத்தில் நின்றபடி விரைவாக உண்டு செல்லும் உணவு.

இன்று 'ஒமக்கசே' என்ற சொல் நகர்ந்துகொண்டிருக்கிறது. பெயர்பெற்ற கடைகள் பலவற்றில் வேறு முறையில் கேட்கவே இடமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அமர, எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே விலை. 1925இல் பிறந்த சுஷிக் கலைஞர் ஜிரோ ஓனோவின் கின்சாக் கடையில் இருக்கைகள் பத்து; வரிசையை அவர்களே வகுப்பார்கள். உணவகங்களுக்கு விண்மீன்கள் தந்து தரம் பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் முதல் டோக்கியோப் பதிப்பு 2007இல் வெளிவந்தபோது, அக்கடை அதில் மூன்று விண்மீன்கள் பெற்றது. பொதுமக்கள் முன்பதிவு செய்ய இயலாத கடையாகிவிட்டதால் 2019 நவம்பரில் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நியூயார்க்கில் 2004இல் சமையற்கலைஞர் மாசா தக்கயாமா தொடங்கிய கடைக்குப் பிறகு, அமெரிக்காவில் இச்சொல் பேர்விலை உணவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மென்பொருள் உலகில்கூட, இணையச் செயலிகளை எழுத உதவும் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற கட்டமைப்பை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன், கருவிகளைத் தாமே தேர்ந்து தருவதை விளக்க 2012இல் இச்சொல்லை எடுத்தாண்டார். பரவியதில் குற்றமில்லை. ஆனால் வேறு வழியே இல்லாத இடத்தில் 'ஒப்புவித்தல்' என்ற வினைக்குப் பொருள் குறைகிறது; அதை 'ஒகிமரி' என்று சொல்வதே நேர்மை என்பது என் எண்ணம்.

இனித் தமிழில் எழுதும் முறை. மூலத்தில் நான்கு அசைகளும் குறில். ஜப்பானியர் எண்ணும் ஒலியளவில் நான்கு, நம் கணக்கில் நான்கு மாத்திரை. அப்படியே 'ஒமகசெ' என்று எழுதினால் இரண்டு இடர்கள் வருகின்றன. எகரம் மெய்யோடு சேர்ந்து சொல்லின் ஈற்றில் நிற்காது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே 'சே' என்று நெடிலாக்க வேண்டும். இரு உயிர்களுக்கிடையே ஒற்றைக் ககரம் மெலிந்து ஒலிக்கும்; ஆகவே ஒற்று இட்டு 'ஒமக்கசே' என்று எழுத வேண்டும். மாத்திரை ஐந்தரையாக ஏறினாலும், படிப்பவர் வாயில் வல்லின ஒலி பிழைக்கிறது.

இணைச்சொல்லுக்கு வருவோம். 'சமையலர் தெரிவு' பொருந்தாது. செயலைச் செய்பவரையே அது மாற்றிவிடுகிறது. 'ஒப்படைப்பு' வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் நிலத்தையும் ஆவணத்தையும் கையளிக்கும் அலுவலகச் சொல்லாக அது நிலைத்துவிட்டது. 'அடைக்கலம்' காப்பை வேண்டி நிற்பது. பசித்து வந்தவருக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். 'கைப்பக்குவம்' அழகான சொல், ஆயினும் அது திறமையைச் சொல்கிறதே ஒழிய நம்பி விடுவதைச் சொல்லவில்லை.

திருமண வீட்டில் சமையற்காரரிடம் தொகையையும் இலைக் கணக்கையும் சொல்லிவிட்டு, பெரியவர் 'மற்றதெல்லாம் உங்க பொறுப்புண்ணே' என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அவரும் 'என் பொறுப்புங்கய்யா, விடுங்க' என்பார். இருபுறத்தாரும் சொல்லக்கூடிய ஒரே சொல், மரியாதை, நம்பிக்கை, கடமை எல்லாம் அதில் உள்ளன. ஜப்பானியச் சொல்லின் அமைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. பேச்சில் 'உங்கள் பொறுப்பு' என்பதே 'ஒமக்கசே ஷிமாசு' என்பதற்கு நேரான தமிழ். கலைச்சொல்லாக வேண்டுமானால் 'பொறுப்பளிப்பு' என்று பெயராக்கி, உணவைக் குறிக்குமிடத்தில் 'பொறுப்பளிப்பு விருந்து' எனலாம். சுருக்கமாகப் 'பொறுப்பு விருந்து' என்றால், பொறுப்பு ஆசிரியர், பொறுப்பு அமைச்சர் என்பவற்றைப் போலத் தற்காலிக ஏற்பாடு என்று பொருள் திரியும். விலை கொடுத்து உண்பதை விருந்து என்பதா என்று தயங்குவோர், அச்சொல்லின் பழைய பொருள் 'புதுமை' என்பதை எண்ணிப் பார்க்கலாம்; அன்று வந்த மீனுக்கேற்ப அன்று அமையும் உணவுக்கு அது பொருந்தியே வருகிறது.

எடுத்துக்காட்டு: 'நாங்கள் மீன் வகை எதையும் குறிப்பிடாமல் பொறுப்பளிப்பு விருந்துக்கே முன்பதிவு செய்தோம், கணவாய் ஒவ்வாது என்பதை மட்டும் முன்னரே தெரிவித்தோம்.'