முன்பணக் கணக்கில் இறுகும் பிடி

பாலியல் தொழிலில் இருக்கும் ஒரு பெண் சுரண்டப்படுகிறாரா என்று அறிய, "எப்படி இதற்குள் வந்தீர்கள்?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அதைவிட உதவுகிற கேள்வி, "கடன் எவ்வளவு பாக்கி, கணக்கு யார் கையில்?" என்பதுதான்.

ஒருவர் 50,000 முன்பணம் வாங்கியிருக்கிறார், மாத வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியே 5,000. நாள் வருமானம் 1,000 என்றால் பாதி விடுதி நடத்துபவருக்குப் போகும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் 200 போனால் கையில் 300 நிற்கும். மாதவிடாய், காய்ச்சல் நாட்கள் போக 20 நாள் வேலை என்றால் 6,000. வேலை இல்லாத 10 நாளுக்கான அறை, சாப்பாட்டுச் செலவு 2,000 அதில் கழியும். மிச்சம் 4,000, வட்டிக்கே 1,000 குறைகிறது. அதுவும் அசலில் ஏறி, அடுத்த மாதம் கடன் 51,000. வேலை செய்ய முடிந்த ஒரு நாளைக்கூட வீணாக்காமல் உழைத்தவர் இன்னும் ஆழமாகப் புதைகிறார். "ஆணுறை வேண்டாம், கூடுதலாகத் தருகிறேன்" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அவரால் மறுக்க முடியாமல் போவது இந்தக் கணக்கினால்தான். அறியாமை என்று அதை எழுதிவிடுவது அநியாயம்.

கடனோடு மற்றவையும் சேரும்: அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தரகரிடம் இருப்பது, ஊர் மொழி தெரியாதது, போதைப்பொருளை விடுதிக்காரரே கொடுப்பது. இவற்றில் கொடியது, அந்தப் பெண்ணின் குழந்தையைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு மிரட்டுவது. 18 வயது நிரம்பாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை அதைத் தெளிவாகச் சொல்கிறது.

தொழிலே குற்றமாக இருக்கும் இடத்தில் அடித்தவன்மேல் புகார் கொடுக்கப் போனால் தானே கைதாகலாம் என்ற பயம் இருக்கும். பையில் ஆணுறை இருப்பதைச் சாட்சியாகக் காட்டுவார்கள் என்றால் யாரும் எடுத்துச்செல்ல மாட்டார்கள். போலீஸ் சோதனைக்குப் பயந்து இருட்டான இடங்களுக்கு நகர்ந்தால், வருபவனைப் பேசி எடைபோட நேரம் கிடைக்காது. குற்றப் பட்டியலிலிருந்து இந்தத் தொழிலை நீக்கினால் 10 ஆண்டுகளில் பாலியல் தொழிலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வரும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்று, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணித்தது.

களப்பணியில் அடிக்கடி நடக்கும் தவறு, விடுதிக்காரர் அனுப்பிய ஆளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பேசுவது. தனியாகப் பேசுங்கள். "கடைசியாக எப்போது தனியாக வெளியே போனீர்கள்?" என்று கேளுங்கள். அடையாள அட்டையின் நகல் ஒன்று நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். கொடுத்த ஒவ்வொரு தொகையையும் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

வன்கொடுமை நடந்திருந்தால் நேரம்தான் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை வாய்ப்புண்டு, ஆனால் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும்.